ராசியான கதவு எண்

பதினொரு வீடு திறக்கவில்லை என்று ஜெசிந்தா போன் செய்தபோது திங்கட்கிழமை காலை ஆறரை மணி. நான் பல்கூடத் துலக்கியிருக்கவில்லை. "நாலாயிரத்துல பதினொண்ணுதானே, வந்து பாக்கறேன், வை" என்றேன். இந்தத் தொழிலில் இருபது வருடம் குப்பை கொட்டியவளுக்குப் பதினொன்றெல்லாம் பல் துலக்கிவிட்டு நிதானமாகப் பார்க்கிற விஷயம்.

வீடு என்றால் செங்கல் வீடு இல்லை. ஒரு பெரிய கணினிக்குள் தடுப்புச் சுவர் எழுப்பி ஆயிரக்கணக்கான சின்னக் கணினிகளாகப் பிரித்து வைத்திருக்கிறோம். ஊரில் அதை விர்ச்சுவல் மெஷின் என்பார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு மனிதர் இருப்பதால் எங்கள் மையத்தில் அதற்கு வீடு என்று பெயர் வந்துவிட்டது. பக்கவாதம், விபத்து, மறதி நோய் என்று ஞாபகத்தைத் தொலைத்தவர்களுக்குக் காதுக்குப் பின்னால் ஒரு சில்லு பதிக்கிறோம். அந்தச் சில்லுக்குள் அடித்தளம் மட்டும் இருக்கும். எப்படி நடப்பது, எப்படிப் பேசுவது, எந்தக் கையால் சாப்பிடுவது, அவ்வளவுதான். கல்யாணம், பிள்ளை, பெயர், போன வாரம் யாரோடு சண்டை என்பதெல்லாம் இங்கே வீட்டில் இருக்கும். வீடு ஓடினால் அவர் அவராக இருப்பார். ஓடாவிட்டால் வெறும் அடித்தளம்.

மாதக் கடைசிக்குள் எல்லா வீட்டையும் பூட்டியாக வேண்டும் என்று அரசாங்க ஆணை வந்திருந்தது. கணினியின் வட்டுக்குள் இருப்பதைச் சாவி இல்லாமல் எவனும் படிக்க முடியாதபடி குழப்பி வைப்பதற்குத்தான் பூட்டு என்று பெயர். எல்லாம் பூட்டி முடிந்ததும் கணினியே ஒவ்வொரு வீட்டையும் ஒருமுறை அணைத்துத் திறக்கும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் கடைசி வீட்டையும் பூட்டிவிட்டு, கேசரி சாப்பிட்டுவிட்டுக் கலைந்தோம். கேசரி சாப்பிட்டிருக்கக் கூடாது.

"பேர வாசி" என்றேன்.

ஜெசிந்தா எங்கள் புகார்ப் பிரிவில் இருப்பவள். எதற்கும் அசராத குரல் அவளுக்கு. ஆறு பெயரை வாசித்தாள். ஏழாவதில் நின்றாள்.

"அக்கா... அருணகிரின்னு ஒண்ணு இருக்கு. உங்க அப்பாங்கக்கா."

பக்கத்து அறையை எட்டிப் பார்த்தேன். அப்பா போர்வையைக் கழுத்து வரைக்கும் இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தார். முந்தின ராத்திரி நான் வந்தபோதே தூங்கியிருந்தார். எழுப்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இட்லியை மூடி வைத்துவிட்டு, வெளியே பூட்டிக்கொண்டு கீரணத்தத்தில் இருக்கும் மையத்துக்கு ஓடினேன்.

பதினொரு திரையிலும் கறுப்புப் பின்னணியில் ஒரே வரி இருந்தது. சாவி பொருந்தவில்லை.

பூட்டுகிற வேலை பாதியில் நின்றிருக்கும் என்றுதான் முதலில் சந்தேகப்பட்டேன். பதிவேட்டைப் பார்த்தால் நூறு சதவீதம் முடிந்திருந்தது. சரி, பூட்டின் விவரம் எழுதியிருக்கிற வாசல் பகுதி கெட்டிருக்கும் என்று ஒரு வட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டிப் பார்த்தேன். வாசல் நன்றாகவே இருந்தது. கடிகாரம் பிசகினால்கூடச் சில சமயம் இப்படி ஆகும். அதுவும் சரியாக இருந்தது. எல்லாச் சாவிகளையும் வைத்திருக்கிற கணினிக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் சாவிக்காரன். அவனிடம் கேட்டால், இந்தா என்று தயங்காமல் ஒரு சாவியை நீட்டுகிறான். அந்தச் சாவி பதினொன்றில் ஒன்றைக்கூடத் திறக்கவில்லை.

பூட்டுவதற்கு முன் எடுத்த நகல் இருக்குமே என்று தேடினேன். அதையும் அவன் அழித்திருந்தான். பூட்டிய வீடு திறந்துவிட்டால் பூட்டாத நகலை உடனே அழித்துவிட வேண்டும் என்பது ஆணை. "தெறக்கவே இல்லையேடா கட்டையில போறவனே, எதப் பாத்து அழிச்ச?" என்று திரையைப் பார்த்துக் கத்தினேன். திறந்தது, சரிபார்த்தாயிற்று, அழித்தாயிற்று என்று பதினொன்றுக்கும் பச்சை நிறத்தில் எழுதியிருந்தது.

அப்போதுதான் ஜெசிந்தா ஒரு தாளோடு வந்தாள். அவள் முகம் ஒரு மாதிரியாக இருந்தது.

"அக்கா, இதக் கொஞ்சம் கேளுங்க. சூலூர்ல வசந்தாமணின்னு ஒருத்தங்க. வீட்டுக்காரர் போன் பண்ணாரு. நேத்து சாயங்காலத்துல இருந்து யாரையோ டிட்டு, டிட்டுன்னு கூப்புடறாங்களாம். கேட்டச் சாத்தச் சொல்றாங்களாம், மாடு வந்துருமாம். அவங்க இருக்கறது மூணாவது மாடியிலக்கா. கேட்டும் இல்ல, மாடும் இல்ல."

"அதுக்கு?"

"பொள்ளாச்சியில ஒருத்தர், லாரி டிரைவரா இருந்தவரு, அவரும் டிட்டுங்கறாரு. மேட்டுப்பாளையத்துல ஒரு காலேஜ் பொண்ணு. எட்டுப் பேரு போன் பண்ணிட்டாங்க. எட்டு வீட்லயும் டிட்டு, எட்டு வீட்லயும் கேட்டு. யாருக்கா அது டிட்டு?"

நான் அவள் கையிலிருந்த தாளை வாங்கிக்கொண்டேன். என் பெயர் சிந்துஜா. பள்ளிக்கூடத்தில் சிந்து, அலுவலகத்தில் மேடம். உலகத்தில் ஒரே ஒருவர்தான் என்னை டிட்டு என்று கூப்பிடுவார். வடவள்ளியில் நாங்கள் குடியிருந்த வீட்டில் கேட்டைச் சாத்த மறந்தால் தெருமாடு உள்ளே புகுந்து அவருடைய கருவேப்பிலைச் செடியைத் தின்றுவிடும். அலுவலகத்திலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கேட்பார், டிட்டு, கேட்டச் சாத்துனியா கண்ணு என்று.

பதினொரு பேருடைய விவரத்தையும் ஒரே அட்டவணையில் போட்டேன். வயது வேறு, ஊர் வேறு, நோய் வேறு. வீட்டுக்கு வீடு மாற வேண்டிய கதவு எண் என்ற பத்தியில் மட்டும் மேலிருந்து கீழ்வரை 7754, 7754, 7754. சுட்டியைப் பிடித்து இழுத்துவிட்டதில் ஒரே எண் வரிசையாக நிரம்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அழித்துவிட்டு மறுபடி எடுத்தேன். மறுபடியும் 7754தான். அப்போதுதான் ஞாபகம் வந்தது.

மகுடபதி சாரின் அறைக்கு நேராகப் போனேன். எங்கள் மையத்தின் தலைவர். நல்லவர்தான், ஆனால் எண் கணிதப் பைத்தியம். ஜோசியர் சொன்னார் என்று தன் பெயருக்குள் ஓர் எழுத்தைக் கூடுதலாகச் செருகிக்கொண்டவர். கார் எண், போன் எண், லிப்டில் ஏறினால் மாடி எண், எதைக் கூட்டினாலும் அவருக்கு ஐந்து வரவேண்டும். ஏழும் ஏழும் ஐந்தும் நாலும் இருபத்து மூன்று, இரண்டும் மூன்றும் ஐந்து. 7754ஐத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தவர் அவர்தான்.

ஒன்பது வருடத்துக்கு முன் மையத்தின் முதல் வீடாக என் அப்பாவின் வீட்டுக்குத்தான் அந்த எண்ணைக் கொடுத்தார். அப்பா பம்ப்செட் கம்பெனியின் சோதனைப் பிரிவில் முப்பது வருடம் இருந்தவர். மூளையில் ரத்தம் கட்டி, என்னையே யாரென்று கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் வீட்டை நான் கட்டினேன். நடையையும் பேச்சையும் மட்டும் தனியாகப் பிரிக்க அப்போது தெரியாததால், அவருடைய பழைய ஞாபகங்களையும் சேர்த்தே அடித்தளத்தில் பதித்துவிட்டேன். அப்பா எழுந்து நடந்தார், பேப்பரைப் படித்துவிட்டு ஆளும் கட்சியையும் எதிர்க்கட்சியையும் சேர்த்துத் திட்டினார். அந்தச் சந்தோஷத்தில் திறப்பு விழாவுக்கு நாள் குறித்துவிட்டார்கள். மேடையில் பன்னிரண்டு பேர் நடந்து வரவேண்டும். கையில் இருந்ததோ அப்பா ஒருவர், ஒரு மாத அவகாசம்.

எங்கள் தொழிலில் யாராக இருந்தாலும் என்ன செய்வார்களோ அதையே நானும் செய்தேன். ஓடுகிற ஒன்றை எடு, நகல் போடு, பெயரை மாற்று, அனுப்பு. அப்பாவின் வீட்டையும் அடித்தளத்தையும் பதினொரு பேருக்கு நகல் எடுத்து, அவருடைய ஞாபகங்களை ஒரு நிரலால் வெள்ளையடித்து மறைத்து, அதன் மேல் அவரவர் ஞாபகத்தை ஊற்றினேன். நகல் எடுக்கும்போது கணினி தானாகவே புது எண் கொடுக்கும். சார்தான் தடுத்தார். "ராசியான நம்பரும்மா. அருணகிரி ஐயா எந்திரிச்சு நடந்ததே அந்த நம்பராலதான். திறப்பு விழா முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்."

தலையாட்டினேன். விழா முடிந்தது. அந்த அப்புறம் வரவேயில்லை. ஓடிக்கொண்டிருப்பதைத் தொடாதே என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். ஒன்பது வருடமாக அந்த எண்ணை எவனும் எதற்கும் கேட்கவில்லை. பூட்டு வந்த பிறகு சாவிக்காரன் கேட்டான். முதல் 7754க்கு ஒரு சாவி செய்தான். இரண்டாவது 7754 வந்ததும், பழைய சாவி செல்லாது என்று தூக்கிப் போட்டுவிட்டுப் புதுச் சாவி செய்தான். இப்படிப் பன்னிரண்டு தடவை. கடைசியாகப் பூட்டிய திருப்பூர்க்காரர் வீடு மட்டும் திறந்தது. ஒன்று திறந்தவுடன், 7754 திறந்துவிட்டது என்று பன்னிரண்டின் நகலையும் அழித்துவிட்டான்.

இதையெல்லாம் நான் சொல்லி முடித்ததும் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"தூக்கிப் போட்ட சாவி எல்லாம் எங்கம்மா போகும்?"

"அவன்கிட்டயேதான் சார் இருக்கும், மூணு நாளைக்கு. புதன்கிழமை சாயங்காலம் அஞ்சு மணிக்கு அழிச்சிருவான்."

"கேட்டு வாங்க முடியாதா?"

"வீட்டுக்காரர் உசுரோட இருக்கற வரைக்கும் புதுச் சாவி மட்டுந்தான் குடுப்பான். அவர் செத்துட்டார்னு பதிஞ்சா, அந்த நம்பருக்கு இதுவரைக்கும் செஞ்ச அத்தனை சாவியையும் வாரிசுக்குக் குடுத்துருவான்."

"யாரு வீட்டுக்காரர்?"

"மொதல்ல பதிஞ்சவரு. எங்கப்பா."

"வாரிசு..." என்று ஆரம்பித்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு அவசரமாக, "பொய்யாப் பதிஞ்சு, சாவி கைக்கு வந்ததும் ரத்து பண்ணிட்டாப் போச்சு" என்றார்.

"பதிஞ்ச நிமிஷமே அப்பாவோட சில்லு எரிஞ்சிரும் சார். செத்தவங்க ஞாபகத்த எவனும் உருவிரக் கூடாதுன்னு நாமதான அப்படி வெச்சோம். நீங்கதான் கையெழுத்துப் போட்டீங்க. அடித்தளங்கூட இருக்காது. அவருக்கு எழுபத்தொம்போது வயசு. இன்னொருக்கா மண்டையத் தெறக்க எந்த டாக்டரும் ஒத்துக்க மாட்டாங்க."

சார் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "சிந்துஜா, உங்கப்பாவுக்கு இப்ப பெருசா ஒண்ணும் ஆகல. அடித்தளமே அவருதான். கடைசி ஒம்போது வருஷம் மட்டும் மறந்திருக்கும். விட்டுரும்மா. மத்தவங்களுக்குத் தொழில்நுட்பக் கோளாறுன்னு எழுதிரலாம்."

"பத்துப் பேரு சார்."

"தெரியும். ஆனா அவரு உனக்கு அப்பா இல்லையாம்மா?"

எனக்குக் கோபம் வந்தது. அவர் சொன்னதை அவருக்கு முன்னாலேயே நான் நினைத்துவிட்டிருந்தேன் என்பதால் இன்னும் அதிகமாக வந்தது. கதவை அறைந்து சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

மத்தியானம் வீட்டுக்குப் போனபோது அப்பா ஒவ்வொரு அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிட்டு, வெளிய பூட்டிப்போட்டா போவாங்க? உங்கம்மாவக் காலையில இருந்து காணோம். சந்தைக்குப் போனாளா?" என்றவர் என்னை உற்றுப் பார்த்தார். "என்ன கண்ணு, ஒரே நாள்ல தலை இப்படி நரைச்சுப் போச்சு?"

அம்மா போய் ஆறு வருடம் ஆகிறது. "டை அடிக்க மறந்துட்டேம்ப்பா. அம்மா சித்தி வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன். நம்பிவிட்டார். இட்லியைத் தொட்டுப் பார்த்து, ஆறிப்போச்சு என்று குறைப்பட்டுக்கொண்டே ஆறு இட்லி சாப்பிட்டார். பேச்சுக்கு நடுவே மோதிர விரலால் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டுவது அவர் பழக்கம். தட்டினார். ஒன்பது வருடம் போனால் போகட்டுமே, இவர் இப்படியே இருக்கட்டுமே என்று நினைத்தேன். அதில் எனக்கு வெட்கமே வரவில்லை.

மறுநாள் சூலூருக்குப் போனேன். எதற்காகப் போனேன் என்று இன்றைக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தப்பிக்க ஒரு வழி கிடைக்கும் என்று நினைத்திருப்பேன்.

வசந்தாமணியின் கணவர் நாச்சிமுத்து, மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். "வாங்க அம்மணி, வாங்க" என்று கையைப் பிடிக்காத குறையாக உள்ளே அழைத்துப் போனார். "நடக்கத் தெரியுது, பேசத் தெரியுது. என்னையத் தெரியலீங்க. புள்ள பெங்களூர்ல இருந்து ஓடி வந்துச்சு, அதையும் தெரியல. 'நீங்க யாருங்க'ன்னு மரியாதையாக் கேக்கறா. முப்பத்தெட்டு வருஷத்துல என்னைய இவ இவ்வளவு மரியாதையாப் பேசுனதே இல்லீங்க."

வசந்தாமணி ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வேதியியல் ஆசிரியையாக இருந்தவராம். வெள்ளைத் தலை, வட்டப் பொட்டு. நான் பக்கத்தில் போய், "அம்மா, ஒரு வாய் சாப்பிடுங்க" என்றேன்.

என் குரலைக் கேட்டதும் திரும்பினார். தொண்டையை ஒருமுறை செருமினார். வலது கை மோதிர விரல் நாற்காலிக் கையில் இரண்டு தட்டுத் தட்டியது.

"டிட்டு, கேட்டச் சாத்துனியா கண்ணு? மாடு பூந்துச்சுன்னா செடிய முடிச்சுப்போடும்."

பெண் குரல். ஆனால் அந்தக் கண்ணு என்பதை இழுத்த விதம் என் அப்பாவுடையது. வெள்ளையடித்தேன் என்றேனே, என் வேலையின் லட்சணம் அதுதான். சுண்ணாம்பு உதிர்ந்ததும் உள்ளே அப்பா நிற்கிறார்.

வெளியே வரும்போது நாச்சிமுத்து மாடிப்படி வரைக்கும் கூடவே வந்தார். எதையோ சொல்ல வந்து, முழுங்கி, மறுபடி வந்தார்.

"அம்மணி, நீங்க படிச்சவங்க, தப்பா எடுத்துக்காதீங்க. மூளையில வேற எதுவும் இல்லாதப்ப, அடி மனசுல இருக்கறதுதானுங்களே வெளிய வரும்? யாருங்க அந்த டிட்டு? எனக்குக் கழுத்த நீட்டறதுக்கு முந்தி, இவளுக்கு வேற ஒரு குடும்பம், கொழந்த கிழந்த..." முடிக்க முடியாமல் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "ராத்திரியெல்லாம் இதே நெனப்புங்க. கேவலமா இருக்குது. ஆனா நெனப்பு வந்துருச்சு."

நான்தாங்க டிட்டு என்று அந்தப் படியிலேயே சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. "அப்படியெல்லாம் இல்லீங்க. அது எங்க தப்பு. நாளைக்குச் சரியாயிரும்" என்றேன். வாய் தவறி வந்த வார்த்தை. ஆனால் அந்த மனிதர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

புதன்கிழமை மத்தியானம் அப்பாவுக்குப் பிடித்த கொள்ளுப் பருப்பு கடைந்து, நெய் விட்டுப் பிசைந்து கொடுத்தேன். "உங்கம்மா கைப்பக்குவம் வரல, ஆனா மோசமில்ல" என்றார். ஏப்பம் விட்டார். சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, போனோடு சமையலறைக்கு வந்தேன். இறப்புப் பதிவுக்கு வாரிசின் கைரேகை போதும், மருத்துவர் சான்றிதழை ஒரு வாரத்துக்குள் இணைத்துக்கொள்ளலாம். மையத் தலைவரின் ஒப்புதல் வேண்டும். ஒப்புதல் தராவிட்டால் ராசியான எண்ணின் கதையை அரசாங்க ஆணையத்துக்கு எழுதிவிடுவேன் என்று காலையிலேயே சாரிடம் சொல்லியிருந்தேன். தந்துவிட்டார்.

மணி மூன்று இருபது. அப்பா கூடத்திலிருந்து பேசிக்கொண்டே இருந்தார்.

"டிட்டு, சித்தி வீட்டுக்கு ஒரு போனப் போடு. உங்கம்மா இன்னும் ஏன்..."

நான் விரலை வைத்துவிட்டேன். அவர் அந்தக் கேள்வியை முடிக்கவில்லை. கூடத்துக்குப் போய்ப் பார்க்காமல், சமையலறைத் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழுதேன். யாருக்காக இதைச் செய்தேன் என்று அந்த நேரத்தில் ஒரு முகம்கூட ஞாபகம் வரவில்லை. அப்பாவின் முகம் மட்டுமே வந்தது. போன் சிணுங்கியது. வாரிசு அவர்களுக்கு எங்கள் ஆழ்ந்த இரங்கல்கள் என்ற வரிக்குக் கீழே பன்னிரண்டு சாவிகள் வந்திருந்தன.

ஐந்து மணிக்குள் பத்து வீட்டையும் திறந்து ஆளுக்கொரு புது எண் கொடுத்தேன். அப்பாவின் வீடும் திறந்தது. ஆனால் சில்லு இல்லாமல் வீடு தனியாகப் பேசாது. இறந்தவரின் வீட்டை ஒரு வாரத்தில் அழித்துவிட வேண்டும் என்பதும் விதி. அழித்தேன்.

ஐந்தரைக்கு நாச்சிமுத்து போன் செய்தார். அழுகிறாரா சிரிக்கிறாரா என்றே தெரியவில்லை. "அம்மணி! என்னையத் திட்டிப்போட்டாளுங்க! தண்ணி மோட்டார நிறுத்தாம தொட்டி வழியுது, உனக்கெல்லாம் எவன் கரண்டு வேல குடுத்தான்னு கேக்கறா! நீங்க நல்லா இருக்கோணும் சாமி!"

அப்பா இருக்கிறார். மூச்சு இருக்கிறது. ஊட்டினால் விழுங்குவார், சில நாள் அதுவும் இல்லை. பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணை வைத்திருக்கிறேன். சான்றிதழைச் சார் எங்கிருந்தோ வாங்கி இணைத்துவிட்டார். காகிதத்தின்படி அப்பாவுக்குக் காரியமெல்லாம் முடிந்து ஐந்து மாதம் ஆகிறது.

முதல் மாதமே சார் என்னைக் கூப்பிட்டார். நேருக்கு நேர் பார்க்காமல்தான் பேசினார். "சில்லுல இருக்கற அடித்தளத்தையும் மாத்தணும்மா. புதுசா, சுத்தமானதா அனுப்பு. இந்தத் தடவையாச்சும் ஒழுங்கா வெள்ளையடி. இன்னொருக்கா வீடு நின்னு போச்சுன்னா, யாரு வாயிலயும் டிட்டு வரக் கூடாது."

"பண்ணிரலாம் சார். ஆடிட் முடியட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்."

சட்டென்று நிமிர்ந்தார். அது அவருடைய வார்த்தை, அவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஒன்றும் கேட்காமல் கோப்பைப் புரட்ட ஆரம்பித்தார்.

ஆடிட் முடிந்து நான்கு மாதம் ஆகிறது. இப்போது நானே நேரில் போய்ப் பராமரிப்பு பார்க்கிறேன். மூத்த பொறியாளரே வீடு தேடி வருகிறார் என்று எல்லாக் குடும்பத்துக்கும் பெருமை. நேற்று சூலூர் முறை. நாச்சிமுத்துவின் போனுக்கு, வழக்கமான பராமரிப்பு, பத்து நிமிடம், கவலை வேண்டாம் என்று செய்தி போனது. "நீங்க பாருங்க அம்மணி, நான் போயி எளநி வாங்கியாறேன்" என்று படியிறங்கிப் போனார். வசந்தாமணி டீச்சர் என்னைப் பார்த்துச் சிரித்து, "இந்தத் தடவையும் தலை சுத்துமாம்மா?" என்று கேட்டார். கொஞ்சமாத்தான் சுத்தும் டீச்சர் என்று சொல்லிவிட்டு அவர் வீட்டை அணைத்தேன்.

சிரிப்பு நின்றது. தொண்டை செருமியது. நாற்காலிக் கையில் இரண்டு தட்டு.

"டிட்டு, கேட்டச் சாத்துனியா கண்ணு?"

"சாத்திட்டேம்ப்பா."

"சாப்புட்டியா?"

"சாப்புட்டேம்ப்பா. கொள்ளுப் பருப்பு."

"உங்கம்மா இன்னும் ஏன் வரல?"

"வந்துருவாங்கப்பா. வர்ற நேரந்தான்."

முதல் மாதம் கேட்டு, மாடு என்று இரண்டே வாக்கியம்தான் வந்தது. இப்போது ஏழு வருகிறது. வீட்டை அணைத்து வைக்கிற நேரத்தை நீட்ட நீட்ட, அடியில் இருப்பது மேலே வருகிறது. திருப்பூர்க்காரரையும் சேர்த்துப் பதினொரு பேர் இருப்பதால் மூன்று நாளைக்கு ஒருமுறை எங்காவது ஓர் ஊரில் அப்பாவைப் பார்த்துவிடுகிறேன்.

கிளம்பும்போது நாச்சிமுத்து இளநீரைச் சீவிக் கொடுத்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். "கொற சொல்றேன்னு நெனைக்காதீங்க அம்மணி. நீங்க வந்துட்டுப் போனா ரெண்டு மூணு நாளைக்கு என்னைய யாரோ மாதிரிப் பாக்கறா. போன தடவ புள்ள பேரு வரல அவளுக்கு. அது சரியாயிருமுங்களா?"

"சரியாயிருங்க. மெஷின் அப்படித்தான், போகப் போகப் பழகிரும்" என்றேன். சரி என்று தலையாட்டினார். இளநீர் இனிப்பாக இருந்தது.

அடுத்த மாதத்துக்கு அரை மணி நேரம் போட்டிருக்கிறேன்.